கதவைக் கழற்றியவள்

நான் பயந்தாங்கொள்ளி. இதை முதலிலேயே சொல்லிவிட்டால் மேற்கொண்டு பேசுவது சுலபம். கணவர் போனபிறகு பெரிய வீட்டை விற்றுவிட்டு, தம்பெரே நகரத்தில் சந்தைக்குப் பக்கத்தில், ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாம் தளத்துக்குத் தனியாகக் குடிவந்தேன். வந்த வாரமே கதவுக்கு இரண்டாவது பூட்டும் ஒரு சங்கிலியும் போட்டுக்கொண்டேன். வெளியே போகுமுன் கதவுத் துளை வழியாகப் படிக்கட்டைப் பார்ப்பேன். யாராவது நின்றால், அவர்கள் போகிறவரை செருப்பும் கோட்டும் மாட்டிக்கொண்டு உள்ளேயே மூச்சுக் காட்டாமல் நிற்பேன். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, எங்கள் கட்டடத்தில் எல்லோரும் அப்படித்தான். படிக்கட்டில் இன்னொருவரோடு எதிர்ப்பட்டு, குளிரைப் பற்றி ஒரு வார்த்தை பேசவேண்டி வந்துவிடுமோ என்பது எங்கள் எல்லோருக்கும் பொதுவான பயம்.

அப்படிப்பட்ட கட்டடத்தில் என் எதிர்வீட்டுக்குக் கதவே இல்லை.

வீடு காட்ட வந்த தரகன் தன் அகலமான முதுகை அந்தப் பக்கம் காட்டிக்கொண்டே பேசினான். கையெழுத்துப் போட்டு, சாமான் இறக்கி, முதல் தடவையாக என் கதவைத் திறந்தபோதுதான் பார்த்தேன். எதிரே வெறும் நிலை. அதற்குள் ஒரு கூடம், அதற்கு அப்பால் சமையலறை, அங்கே ஆம்பளை சட்டையும் தொளதொளத்த கால்சட்டையும் போட்ட ஒரு வயதான பெண்பிள்ளை உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். பட்டென்று என் கதவைச் சாத்திவிட்டேன்.

"புதுசா வந்தவளா?" என்று கதவுக்கு அந்தப் பக்கமிருந்து சத்தம் வந்தது. "பேரு என்ன?"

நான் துளையில் கண்ணை வைத்தேன். அவள் விடவில்லை.

"துளை வழியா பாக்கறது தெரியுது. பேரைச் சொன்னா கடிச்சா தின்னுடுவேன்?"

"ஒர்வோக்கி," என்றேன், மூடிய கதவைப் பார்த்து.

"நான் சாய்மி. போ, போய்த் தூங்கு. முகமே சரியில்ல."

சாய்மி குவோஸ்மனென் பருத்தி ஆலையில் நூற்கும் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். ஊரே அவளைத் தெரிந்துவைத்திருந்தது, ஊரே அவளைக் கண்டு ஒதுங்கியது. காலியான பேருந்தில் ஏறினால் இருக்கிற அத்தனை இருக்கையையும் விட்டுவிட்டு, ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும் ஒரே ஆள் பக்கத்தில் போய் உட்காருவாள். "நேத்து நல்லா தூங்கினீங்களா?" என்று கேட்பாள். அந்த மனிதர் அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கிவிடுவார், தன் இடம் வராவிட்டாலும். சந்தையில் கறுப்புச் சாஸேஜ் வாங்கினால், பக்கத்தில் நின்று சாப்பிடுகிறவரின் தட்டில் தன் பங்கில் ஒரு துண்டை வெட்டி வைப்பாள், மேலே லிங்கன்பெர்ரி ஜாமும் ஒரு கரண்டி. கேட்கவே மாட்டாள். வேண்டாமென்றும் சொல்லமுடியாது, ஜாம் விழுந்துவிட்டதே.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். எங்கள் கட்டடத்துச் சவுனாவில், அதாவது பொது நீராவிக் குளியலறையில், ஆளுக்கு வாரத்தில் ஒரு மணி நேரம் ஒதுக்கியிருக்கும். அந்த நேரத்தில் இன்னொருவர் கதவைத் தொடக்கூட மாட்டார். வெள்ளிக்கிழமை என்னுடைய முறையில், நான் மேல் பலகையில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தபோது, சாய்மி வாளியும் கையுமாக உள்ளே வந்துவிட்டாள். நான் அலறிய அலறலில் வாளியே கீழே விழுந்தது.

"என்னடி கத்தற? நீ என்ன தங்கத்துலயா செஞ்சிருக்க? நகரு, முதுகைத் தேய்ச்சு விடறேன்."

தேய்த்தும் விட்டாள். யாரோ என் முதுகைத் தொட்டு எவ்வளவு காலமாகிவிட்டது என்று அப்போதுதான் உறைத்தது. வீட்டுக்கு வந்து அழுதேன்.

அதற்காகக் கதவில்லாத அந்த நிலையைப் பார்த்துப் பழகிவிட்டேன் என்று நினைத்துவிடாதீர்கள். என் பயம் போகவில்லை. தெருவில் போகிற எவனும் உள்ளே வந்து அவளைக் கொன்றுபோட்டுவிட்டு, திரும்பி என் கதவையும் தட்டலாம். ஒரு குளிர்கால ஞாயிறு மதியம் அப்படித்தான் ஒரு குடிகாரன் தடுமாறி ஏறி வந்தான். ஒரு காலில்தான் பூட்ஸ். நேராக அவள் வீட்டுக்குள் போய்விட்டான். நான் துளையில் கண்ணை வைத்து, கையில் சப்பாத்திக் கட்டை மாதிரி ஒரு கட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். போலீஸைக் கூப்பிட வேண்டும், ஆனால் தொலைபேசி சமையலறையில் இருந்தது, காலோ நகரவில்லை. உள்ளேயிருந்து சாய்மியின் குரல் மட்டும் கேட்டது: "கம்பளத்துல வாந்தி எடுத்தா நீதான் துவைக்கணும், சொல்லிட்டேன்." சாயங்காலம் அவன் சூப்பு குடித்த முகத்தோடு, கழுத்தில் அவளுடைய மஃப்ளரைச் சுற்றிக்கொண்டு, படிக்கட்டில் மெதுவாக இறங்கிப் போனான்.

மறுநாள் நான் தைரியத்தையெல்லாம் திரட்டிக்கொண்டு அவள் நிலைக்கு இந்தப் பக்கமே நின்று கேட்டேன்.

"சாய்மிக்கா, உங்களுக்குப் பயமே கிடையாதா?"

"எதுக்கு?"

"யாராச்சும் வந்துட்டா?"

"யாரும் வராமப் போயிட்டா என்ன பண்றதுன்னுதான் எனக்குப் பயம்," என்றாள். காபி ஊற்றிக் கொடுத்துவிட்டுச் சொல்ல ஆரம்பித்தாள். நான் உள்ளே போய், சமையலறை மேஜையருகே நின்றபடியே அந்தக் காபியைக் குடித்தேன்.

துய்னே என்று ஒருத்தி. ஆலையில் பக்கத்து எந்திரத்தில் நின்றவள். இருவரும் இளவயதிலேயே சேர்ந்து இந்த வீட்டுக்கு வந்து, கடைசிவரை ஒன்றாகவே வாழ்ந்தார்கள். ஒரே சமையல், ஒரே படுக்கை. அந்தக் காலத்தில் அது ஊர் வாயில் விழுகிற விஷயம். கட்டடத்தில் எல்லோரும் "சித்தி பெரியம்மா பிள்ளைகள்" என்று தாங்களே ஒரு உறவை வைத்துப் பேசிக்கொண்டார்கள். சாய்மி மட்டும், கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும், "அவ என் வீட்டுக்காரி" என்பாளாம். துய்னே என்னைப்போலவே பயந்த சுபாவம். சாய்மி வெளியே போனால் உடனே உள்ளே சங்கிலியை மாட்டிக்கொள்வாள். ஓர் இலையுதிர்காலக் காலையில் சாய்மி சந்தைக்குப் போய்விட்டு வந்து சாவியைத் திருப்பினாள். கதவு கையகலம் திறந்து சங்கிலியில் நின்றுவிட்டது. அந்த இடைவெளியில் துய்னேயின் கால் தெரிந்தது. செருப்பு கழன்று கிடந்தது. மூச்சுச் சத்தம் கேட்டது.

"அடியே எழுந்திருடீன்னு கத்தறேன். கையை விட்டுத் துழாவறேன், கால் எட்டலை. தோளால இடிச்சேன். நல்ல கதவு, போருக்கு முன்னாடி செஞ்சது. பராமரிப்புக்காரன் வந்து சங்கிலியை வெட்டறப்போ மூச்சு நின்னு போச்சு. கையகலம், ஒர்வோக்கி. இவ்ளோதான்." தன் உள்ளங்கையை விரித்துக் காட்டினாள்.

அடக்கம் முடிந்து வந்த அன்றே கதவைக் கீலோடு கழற்றிவிட்டாள். அதைத் தூக்கிப் போடவும் இல்லை. இரண்டு மரத்தாங்கிகள் மேல் படுக்கப்போட்டு, சமையலறையில் மேஜையாக்கிவிட்டாள். நான் காபிக் கோப்பையை வைத்திருந்த இடத்துக்குப் பக்கத்தில் பூட்டும் கைப்பிடியும் அப்படியே இருந்தன. கோப்பையை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டேன்.

ஆனால் அன்றைக்குப் பிறகு ஒரு மாற்றம் வந்தது. அவள் வானொலி கேட்பது, குறட்டை விடுவது, தனக்குத்தானே பேசிக்கொள்வது எல்லாம் படிக்கட்டைத் தாண்டி என் படுக்கை வரை வரும். முன்பு அது என்னைத் தூங்கவிடாது. இப்போது அது இல்லாவிட்டால் தூக்கம் வரவில்லை.

பழைய தலைவர் இருந்தவரை கட்டடச் சங்கம் இதைக் கண்டும் காணாமல் விட்டது. அவர் போய் கலெர்வோ புன்னோனென் வந்தார். நில அளவை அலுவலகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், சாய்மிக்கு நேர் கீழ்வீட்டுக்காரர். கெட்ட மனிதர் இல்லை, இதை நான் அழுத்திச் சொல்லவேண்டும். குரலை உயர்த்தத் தெரியாதவர். யாரையும் தொந்தரவு செய்யக்கூடாது, யாரும் தன்னைத் தொந்தரவு செய்யக்கூடாது என்பதுதான் அவருடைய மதம். தீயணைப்புத் துறை ஆய்வாளர் ஒருவர் வந்து, கதவில்லாத வீட்டில் நெருப்புப் பிடித்தால் புகை படிக்கட்டு முழுக்க ஏறி எல்லோரையும் கொல்லும் என்று சொல்லிவிட்டுப் போனார். அதற்கு எதிர்ப்பேச்சு கிடையாது. அந்தப் புகையை நினைத்து எனக்கே இரண்டு இரவு கண் மூடவில்லை.

வசந்தத்தில் சங்கத்தின் கூட்டம். நிலவறையில் மிதிவண்டிகளை ஓரம் தள்ளிவிட்டு நாற்காலி போட்டிருந்தார்கள். கதவு போட்டுக்கொள்ளவேண்டும், இல்லாவிட்டால் சங்கம் வீட்டைத் தன் கைக்கு எடுத்துக்கொண்டு அவளை வெளியேற்றும். இதுதான் தீர்மானம். கலெர்வோ அதை மேஜையைப் பார்த்துக்கொண்டே வாசித்தார்.

"யாருக்காவது ஏதாவது சொல்லணுமா?"

இந்தக் கேள்விக்கு எங்கள் கூட்டங்களில் யாரும் பதில் சொன்னதே கிடையாது. என் கை மேலே போயிருந்தது. நான்தான் தூக்கினேனா என்று எனக்கே சந்தேகம். எல்லோரும் தங்கள் பூட்ஸையே பார்த்தார்கள்.

"எனக்கு... அவங்க வானொலி சத்தம் கேக்கும்," என்றேன். குரல் எலிக்குஞ்சு குரலாக வந்தது. "அது கேட்டாத்தான்..."

அதற்குமேல் வரவில்லை.

"சத்தம் பத்தின புகாரா?" என்று கலெர்வோ அக்கறையாகக் கேட்டார். "கதவு வந்துட்டா அதுவும் சரியாயிடும்."

சாய்மி சிரித்தாள். ஆனால் அவள் கை முட்டியில் கிடந்து நடுங்கியதை நான் பார்த்தேன். அவளும் பயப்படுவாள் என்பது அதுவரை எனக்குத் தோன்றவே இல்லை.

"எனக்குப் போக வேற இடம் இல்ல, தலைவரே," என்றாள் அவள். "துய்னே செத்த இடம் அது. போட்டுத் தொலைங்க உங்க கதவை."

புதுக் கதவு வந்தது. சாம்பல் நிறம், கனமான தீத்தடுப்புக் கதவு, தானாக இழுத்துச் சாத்திக்கொள்ளும் கை ஒன்று மேலே. ஆள் உள்ளே போனதும் 'டப்' என்று மூடிக்கொள்ளும். என் பக்கத்தில் அன்று முதல் அமைதி. நான் நினைத்துப் பார்த்திராத அளவுக்கு அமைதி.

சாய்மி சுருங்கிப்போனாள். சந்தைக்குப் போவது குறைந்தது. பேருந்தில் ஏறவில்லை. ஒரு நாள் மதியம் நான் கதவைத் திறந்தபோது, அவள் கதவில் தபால் போடும் துவாரத்தின் மூடி தூக்கியிருந்தது. உள்ளேயிருந்து ஒரு மரக்கரண்டியை முட்டுக்கொடுத்து வைத்திருந்தாள். அதன் வழியாகக் குரல் வந்தது.

"ஒர்வோக்கி, நீயா?"

"நான்தான்."

"மூச்சு முட்டுதுடி. சுவர் கிட்ட வருது. இங்க வந்து கொஞ்சம் பேசு."

தரையில் உட்கார்ந்தேன். பிறகு அது எங்கள் வழக்கமாகிவிட்டது. அவள் கூடத்துத் தரையில் தலையணை போட்டுப் படுத்திருப்பாள், நான் படிக்கட்டுத் தளத்தில் உட்கார்ந்திருப்பேன். மேல்மாடிக்காரர்கள் வந்தால் எனக்கு உயிரே போகும், ஆனால் எழுந்து ஓடமாட்டேன். அவர்கள் என்னைத் தாண்டும்போது கண்ணைச் சுவருக்குத் திருப்பிக்கொள்வார்கள். "உள்ள வந்து உட்காரேன்" என்று அவள் அழைத்தால் போவேன். போனபிறகு 'டப்' என்று கதவு மூடும், அவள் முகம் வெளுக்கும். அதனால் வெளியிலிருந்து பேசுவதே இருவருக்கும் நன்றாயிருந்தது.

"நீ எப்படி இதுக்குள்ள இருக்க, வருஷக்கணக்கா?" என்று ஒரு தடவை கேட்டாள்.

"பயமா இருக்கறதால," என்றேன்.

"எனக்கும் பயமா இருக்கறதாலதான் கழட்டினேன்," என்றாள்.

அடுத்த குளிர்காலத்தில், ஒரு செவ்வாய்க்கிழமை, எனக்குப் பல் வைத்தியரிடம் வேலை. காலையில் கிளம்பிப் போய், பாதி வாய் மரத்துப்போய்த் திரும்பி வந்தேன். நண்பகல் தாண்டியிருந்தது. படியேறும்போது மேலேயிருந்து கலெர்வோ இறங்கி வந்துகொண்டிருந்தார். இருவருக்குமே தர்மசங்கடம். சுவரோரம் ஒதுங்கித் தலையசைத்தேன். அவர் போயிருக்கலாம், ஆனால் அன்று ஏனோ நின்றார்.

"உங்க எதிர்வீட்டம்மா காலையிலேர்ந்து தரையை இடிச்சுட்டே இருக்காங்க," என்றார் மெதுவாக. "ஏதோ ஆணி அடிக்கற மாதிரி. விட்டு விட்டு. நேர்ல போய்ச் சொன்னா அவங்க மனசு கஷ்டப்படும்னு, மரியாதையா ஒரு சீட்டு எழுதித் துவாரத்துல போட்டுட்டு வரேன்."

"எப்போலேர்ந்து?"

"காபி குடிக்கறப்போ ஆரம்பிச்சுது."

படிகளை எப்படி ஏறினேன் என்று தெரியாது. அவள் கதவில் துவார மூடி இறங்கியிருந்தது, கரண்டி இல்லை. மண்டியிட்டு மூடியைத் தூக்கினேன். உள்ளே இருட்டு. கூடத்து விளக்கு போடவில்லை. மூத்திர நாற்றம் வந்தது. பிறகு, மிக அருகில், 'தொப்' என்று ஒரு சத்தம். நின்று, இன்னொன்று.

"சாய்மிக்கா!"

பதில் இல்லை. மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது.

கலெர்வோ பின்னாலேயே ஏறி வந்திருந்தார். சங்கத்தின் உதிரிச் சாவிக்கொத்து அவரிடம்தான் இருந்தது. எப்போதும் இடுப்பிலேயே மாட்டியிருப்பார்.

"தொறங்க!" என்றேன்.

"அவங்க அனுமதி இல்லாம எப்படி..." என்றார். அவர் முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. "அடுத்தவங்க வீடு. முதல்ல பராமரிப்புக் கம்பெனிக்குச் சொல்லி..."

"தொறடா!" என்று கத்தினேன். என் வாழ்நாளில் படிக்கட்டில் நான் போட்ட முதல் சத்தம் அது. கட்டடம் முழுக்க எதிரொலித்தது. மேலேயும் கீழேயும் எந்தக் கதவும் திறக்கவில்லை, ஆனால் என் கண்ணுக்கு எட்டிய ஒவ்வொரு துளையிலும் வெளிச்சம் மறைந்ததைப் பார்த்தேன். எல்லோரும் அங்கேதான் நின்றுகொண்டிருந்தார்கள். என் பாதி வாய் மரத்துப்போய், எச்சில் வழிந்தது. எனக்கு அது எதுவும் பொருட்டாக இல்லை. சங்கிலி போட்டிருப்பாளோ, பயத்தில் கடைசியில் அவளும் போட்டிருப்பாளோ என்ற ஒரே நினைப்புதான்.

அவர் கையில் சாவி இரண்டு தடவை துளையைத் தவறியது. மூன்றாவது தடவை திரும்பியது. கதவு முழுதாகத் திறந்தது. சங்கிலி இல்லை.

சாய்மி கூடத்துத் தரையில் ஒருக்களித்துக் கிடந்தாள். முகத்தின் ஒரு பக்கம் இறங்கிப்போயிருந்தது. இடது கை உடம்புக்கு அடியில். வலது கையில் ஒரு பூட்ஸ், அதன் குதிகாலால்தான் இவ்வளவு நேரமும் தரையை இடித்திருக்கிறாள். கன்னத்துக்குப் பக்கத்தில், விழுந்த இடத்திலேயே, கலெர்வோவின் சீட்டு கிடந்தது. அவர் கையெழுத்து அச்சுப்போல இருக்கும். 'காலை நேரத்தில் இடிப்பதைத் தவிர்த்தால் நன்றி உடையவனாக இருப்பேன். ஒரு அண்டை வீட்டார்.'

நான் அவள் தலையைத் தூக்கி என் மடியில் வைத்துக்கொண்டேன். கண் திறந்திருந்தது, என்னை அடையாளம் தெரிந்தது. உதடு ஒரு பக்கமாகவே அசைந்தது. காதை அவள் வாயருகே கொண்டுபோனேன்.

"பேனா இருக்கா?"

"எதுக்குக்கா? பேசாதீங்க. இதோ ஆம்புலன்ஸைக் கூப்பிடறேன்."

"பதில் எழுதணும்," என்றாள். சீட்டைக் கண்ணால் காட்டினாள். ஒவ்வொரு சொல்லுக்கும் மூச்சு வாங்கியது. "எழுது. 'உள்ள... வாங்க'ன்னு."

அவளுடைய தொலைபேசியிலிருந்தே ஆம்புலன்ஸை அழைத்தேன். முகவரி சொல்லும்போது மரத்த வாய் குழறி மூன்று முறை சொல்லவேண்டி வந்தது. திரும்பிப் பார்த்தால், கலெர்வோ இன்னமும் வாசலுக்கு வெளியிலேயே நின்றிருந்தார். இழுத்துச் சாத்தப்பார்க்கும் அந்தக் கதவை முதுகால் தள்ளிப் பிடித்துக்கொண்டிருந்தார். சாய்மி சொன்னது அவர் காதிலும் விழுந்திருந்தது.

அவர் குனிந்தார். பூட்ஸ் நாடாவை அவிழ்க்கப் பார்த்தார். விரல்கள் கேட்கவில்லை, முடிச்சு இறுகியது. நான் "அட, அப்படியே வாங்க" என்று கத்தியிருக்கவேண்டும். ஒரு காலை உதறி, மறு காலை இழுத்துக் கழற்றி, இரண்டையும் நிலைக்கு நடுவில் கதவு மூடாதபடி முட்டுக்கொடுத்து வைத்தார். பிறகு சாம்பல் நிறக் காலுறையோடு உள்ளே வந்து, ஈரத்தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, அவள் வலது கையிலிருந்த பூட்ஸை மெல்ல விடுவித்து, அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

சாய்மி மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் இறந்துபோனாள். அதற்குமேல் அவள் எதுவும் பேசவில்லை. ஆம்புலன்ஸ் வருகிறவரை கலெர்வோ அவளிடம் ஒரே கேள்வியைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தார், தலையைக் குனிந்து, எனக்கும் அவளுக்கும் மட்டுமே கேட்கிற குரலில்.

"நேத்து நல்லா தூங்கினீங்களா?"